என் முதுகுக்குப் பின்னால்

இருபத்தாறு வருஷம் இரட்டையர் பாட்மின்டன் ஆடியிருக்கிறேன், ஒரே ஜோடியோடு. ஆனால் அத்தனை வருஷத்தில் அவள் ஆடி நான் பார்த்ததே இல்லை. சொன்னால் சிரிக்கிறார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? நான் வலைக்குப் பக்கத்தில் நின்று ஆடுகிறவள், அவள் பின்னால் நின்று அடிக்கிறவள். முன்னால் நிற்பவள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் ஆட்டத்தின் முதல் பாடம். ஒரே ஒரு தடவை ஆர்வக்கோளாறில் திரும்பினேன். அவள் அடித்த ஷட்டில் நேராக என் மூக்கில் வந்து விழுந்தது. ஐஸ் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, "ஆட்டம் அங்க நடக்குது, இங்க இன்னாடி பாக்கற?" என்று கத்தினாள்.

அவள் பிள்ளைச்சாவடிக்காரி, அப்பாவுக்குப் படகு இருந்தது. அலைச் சத்தத்துக்கு மேலே கூப்பிட்டுப் பழகிய குரல். நான் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலை ஆபீஸில் வேலை பார்த்தேன். புதுச்சேரி அணிக்காக நாங்கள் போகாத ஊர் இல்லை. பெரும்பாலும் முதல் நாளே தோற்றுவிட்டு மிச்ச நாளில் ஊர் சுற்றுவோம். எங்களைத் தோற்கடித்தவர்கள் நன்றாக இருக்கட்டும், அவர்கள் புண்ணியத்தில்தான் தாஜ்மகாலைப் பார்த்தேன். உள்ளூரில் மட்டும் எங்களை யாரும் அசைக்க முடியாது.

போன வருஷம் என் வலது முழங்கால் கைவிட்டுவிட்டது. "இனிமே மாடிப்படி ஏறுறதையே விளையாட்டா வச்சுக்கங்கம்மா" என்றார் டாக்டர். ஓய்வு பெற்றேன். விழா, மாலை, பேச்சு எதுவும் கிடையாது. செத்திருந்தால் பதினாறாம் நாள் காரியம்கூட முடிந்திருக்காது, அதற்குள் அவள் புது ஜோடி பிடித்துவிட்டாள். பேங்கில் வேலை பார்க்கிற பெண். எங்களைவிடப் பத்து வயது சின்னவள், முழங்கால் இரண்டும் ஒழுங்காக இருந்தன.

எனக்கு வயிறு எரிந்தது. நான் இல்லாமல் அவளால் ஜெயிக்க முடியாது என்று அத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தவள் நான். ஜெயித்துவிட்டால் நான் அங்கே எதற்கு நின்றேன்? அந்தப் பயத்தோடுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய முதல் போட்டியைப் பார்க்கப் போனேன். அவள் தோற்க வேண்டும் என்று பிள்ளையாருக்கு ஒரு தேங்காயும் நேர்ந்துகொண்டேன். துணைக்கு வீட்டுக்காரரும் வந்தார்.

கேலரியில் உட்கார்ந்து அவள் ஆட்டத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஐம்பது வயதில், அந்தக் கனத்த உடம்பு எப்படித் தரையை விட்டு எழும்புகிறது என்று புரியவில்லை. எழும்பியது. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

வீட்டுக்காரர் கொட்டாவி விட்டார். "இன்னிக்கு ஷோவே இல்ல."

"இன்னா ஷோ?"

வாயை விட்டுவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இனி மறைக்க முடியாது என்று சொன்னார். "நீ ஷட்டில வுடும்போதெல்லாம் அந்தம்மா பின்னாடி மூஞ்சி காட்டும். பேட்டால தலையில அடிச்சிக்கும். மேல பாத்து கும்பிடும். உன்ன மாரியே நடந்தும் காட்டும். பாதிப் பேரு அதுக்குதான் வருவாங்க."

"இருவத்தாறு வருஷமாவா?"

"நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி எனக்குத் தெரியாது" என்றார்.

எனக்குக் கொதித்தது. கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேங்க் பெண் சுலபமான ஒன்றை வலையில் அடித்தாள். இதோ இப்போது காட்டப்போகிறாள் என்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். அவளோ, "பரவால்லமா, அடுத்தத பாத்துக்கலாம்" என்று புன்னகை செய்தாள். பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காட்டுகிற அதே சிரிப்பு. அந்தப் பெண் ஐந்து தடவை விட்டாள். ஐந்து தடவையும் அதே சிரிப்பு. கடைசியில் ஜெயித்தும் விட்டார்கள். பிள்ளையார் என் தேங்காயைக் கண்டுகொள்ளவே இல்லை.

நான் இல்லாமலும் ஜெயிப்பாள், சரி. ஆனால் தலையில் அடித்துக்கொள்ளும் அளவுக்கு மோசமாக ஆடியவள் நான் ஒருத்திதானா? அதுதான் தாங்கவில்லை.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே மேலே ஏறி வந்தாள். எடுத்த எடுப்பிலேயே கேட்டேன். "எம் முதுகுக்குப் பின்னாடி மூஞ்சி காட்டுவியாமே? இன்னிக்கு அவ அஞ்சு வுட்டா. அவள மட்டும் கொஞ்சுற?"

வீட்டுக்காரர் டீ வாங்கப் போய்விட்டார். அவளுக்கு வெட்கமே இல்லை. பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அது ஊரான் வூட்டுப் பொண்ணுடி. ஒரு மூஞ்சி காட்டினா நாளைக்கு வருவாளா? ரெண்டு மணி நேரமா சிரிச்சி சிரிச்சித் தாடையே வலிக்குது."

"அப்ப எனக்கு மட்டும்?"

"நீ எங்கடி போவப் போற?" என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். என் முழங்காலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்கும் திட்டினாள்.