ரோஸ்லின் அக்கா நிறுத்தச் சொன்ன பஸ்

செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் கம்பெனி பஸ் பொன்னேரியைத் தாண்டி வழக்கமான இடத்தில் நின்றது. ரோஸ்லின் அக்கா அங்கே இல்லை. தினமும் பஸ் வருவதற்கு முன்பே வந்து நிற்பவர் அவர். டிரைவர் சேகர் ஹாரன் அடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் என் போன் அடித்தது. அக்காவின் மகள் ஜெனிபர். "ஆன்ட்டி, அம்மா எழுந்திருக்கல" என்றாள். நான் அங்கேயே இறங்கிவிட்டேன்.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் நாங்கள் ஒரே லைனில் வேலை செய்தோம். அவருடைய பெற்றோர் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர் அக்காதான். அதைச் சொல்லும்போது கொஞ்சம் கர்வம் தெரியும், இருக்கட்டுமே. கணவர் இறந்த பிறகு அந்த வேலையை நம்பித்தான் ஜெனிபரைக் கல்லூரியில் சேர்த்தார்.

சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. இதயம் ரத்தத்தைத் தள்ளும் பலத்தை இழந்துவருகிறது, முழுதாகக் குணமாகாது, கவனமாக இருந்தால் நன்றாகவே வாழலாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். உடம்பில் தேங்கும் நீரை வெளியேற்ற ஒரு மாத்திரை, அதோடு வேறு சிலவும் கொடுத்தார்கள்.

அந்த நீர் மாத்திரைதான் வம்பு. போட்டால் அடிக்கடி பாத்ரூம் போக வேண்டும். பஸ்ஸோ லாரிகளுக்கு நடுவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊர்ந்து போகும். லைனில் நின்றுவிட்டால் மாற்றாள் வராமல் நகர முடியாது. அதனால் வேலை நாட்களில் அந்த மாத்திரையை மட்டும் அக்கா விட்டுவிட்டார். மகளிடம்கூடச் சொல்லவில்லை. நுரையீரலில் நீர் கோத்து மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, ஒரு நர்ஸம்மா பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்ட பிறகே உண்மை வெளியே வந்தது. நீங்களாக எதையும் நிறுத்தக்கூடாது, டாக்டரைக் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றாராம் அவர். மாற்றியும் பார்த்தார்கள். எந்த நேரத்துக்கு மாற்றினாலும் ஒன்று பஸ் இடித்தது, இல்லையென்றால் லைன் இடித்தது.

வேலைக்குத் திரும்பிய அன்று, ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கா முன்னால் போனார். எல்லோருக்கும் கேட்கும்படியாகவே பேசினார்.

"தம்பி, எனக்கு ஹார்ட் வீக்கா கீது. நீர் மாத்திர போட்டுக்கினு வரேன். அந்த பெட்ரோல் பங்க்ல டெய்லி ஒரு தபா நிறுத்தணும். சொல்ல வெக்கமாத்தான் கீது. அதுக்காவ சாவ முடியுமா?"

ஆண்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். லேட்டானால் யார் பதில் சொல்வது என்று சேகர் தயங்கினார். மேனேஜரிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்றார் அக்கா, பேசவும் செய்தார். முதல் நாள் அவர் மட்டும் இறங்கிப் போனார். மறுநாள் நானும் இறங்கினேன். "உனக்கு இன்னாடி, நீயும் மாத்திர போடறியா?" என்று கிண்டல் செய்தார். இந்த பஸ்ஸுக்குப் பயந்து பல வருஷமாகக் காலையில் தண்ணீரே குடிப்பதில்லை என்றேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அடுத்த வாரம் அங்கே பெண்கள் வரிசையே நின்றது. எங்களில் யாருக்கும் அதைக் கேட்கிற தைரியம் அதுவரை வந்ததில்லை.

அதன் பிறகு அக்கா தன் உடம்பைப் பார்த்துக்கொண்ட விதம் எங்களுக்குத் தெரியும். காலையில் எழுந்ததும் எடை பார்ப்பார். பஸ்ஸில் உட்கார்ந்ததும் கட்டைவிரலால் கணுக்காலை அழுத்திப் பார்ப்பார். பள்ளம் விழுந்தாலோ எடை சட்டென்று ஏறினாலோ அன்றே நர்ஸம்மாவுக்குப் போன் போகும். கருவாடு என்றால் உயிரை விடுகிறவர், உப்பு ஆகாது என்றதும் அதை விட்டார். நான் ஊறுகாய் டப்பாவைத் திறந்தால், "மூடுடி, வாசனையே என்னை கெடுத்துடும்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். வெயில் நாட்களில் அந்தத் தாகத்தைப் பார்க்க எனக்குத்தான் பொறுக்காது.

இவ்வளவும் செய்தவர் தூக்கத்திலேயே போய்விட்டார். இந்த நோயில் இப்படித் திடீரென்று நடப்பதுண்டு என்று டாக்டர் சொன்னாராம். ஆனால் சாவு வீட்டில் உறவுக்காரர் ஒருவர், மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருக்கமாட்டாள் என்று சர்வசாதாரணமாகச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செத்தவர் மேல் பழி போடுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

அது ஜெனிபரின் காதிலும் விழுந்திருக்கிறது. என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஆன்ட்டி, எங்கிட்ட மறைக்காதீங்க. அம்மா மறுபடியும் மாத்திரைய வுட்டுட்டாங்களா?"

"இல்ல பாப்பா. நேத்துகூட பங்க்ல மொத ஆளா எறங்குனாங்க. நான் பக்கத்து சீட்டு. உங்கம்மா ஒரு நாளும் வுடல."

காலையிலிருந்து கல்லாக நின்றிருந்த பெண் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன்.

செய்ய வேண்டியதை எல்லாம் செய்தீர்கள், அக்கா. யார் கேட்டாலும் அதற்கு நான் சாட்சி. போய் வாருங்கள்.