எண்ணெய் மண்ணுக்கு உறை

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் கடைசியாகப் பார்த்த வேலை, மண்ணுக்குத் தண்ணீர் தெளிக்கிற வேலை. சொன்னால் சிரிப்பார்கள். வண்டிகளுக்கு இரும்பு உதிரிபாகம் செய்கிற கம்பெனி அது. மிஷினிலிருந்து ஒழுகிய எண்ணெய், எண்ணெய் துடைத்துப் போட்ட வேஸ்ட் துணி, தொட்டி அடியில் தங்கின கறுப்புச் சேறு, எல்லாம் வருஷக்கணக்காகக் கம்பெனிக்குப் பின்னால் ஒரு மூலையில் கொட்டிக் கிடந்தது. மழை பெய்தால் அங்கே தேங்குகிற தண்ணீர் மயில் கழுத்து மாதிரி மினுக்கும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த இடத்தில் ஒரு புல்கூட முளைத்து நான் பார்த்ததில்லை.

அந்த மண்ணைச் சுத்தம் செய்ய ஒரு மேடம் வந்தார். திருநெல்வேலிப் பக்கம். என் மகள் வயசுகூட இருக்காது. கொட்டகை போட்டு, எண்ணெய் மண்ணோடு தென்னை நார்த்தூளும் சாணியும் கலந்து நீளமாகக் குவிக்கச் சொன்னார். ஒரு டிரம்மில் வெல்லம் கரைத்த தண்ணீரில், பாக்கெட்டில் வந்த பொடியைப் போட்டு ஊறவிட்டு, அதைக் குவியல்மேல் ஊற்றினார். அந்தப் பொடியில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கின்றன, அவை எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும் என்றார். குவியல் காயாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும், மண்வெட்டியால் புரட்டிக் காற்றுப்பட வைக்க வேண்டும். இதற்குத்தான் நானும் இன்னொரு பெண்ணும்.

எனக்கு மகன் வீட்டில் குறை ஒன்றும் இல்லை. பகலெல்லாம் சும்மா உட்கார முடியாமல் ஆவடியிலிருந்து ரயிலேறி வந்துகொண்டிருந்தேன். அவளுக்கு அப்படி இல்லை. பூந்தமல்லியில் அவள் வீட்டுக்காரர் தையல் மாஸ்டராக இருந்தவர். சர்க்கரை வியாதியில் கண் மங்கி, ஊசியில் நூல் கோக்க முடியாமல் வீட்டோடு இருந்தார். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. வேலைக்குச் சேர்த்த அன்றைக்கே சூப்பர்வைசர் அவளிடம் சொல்லிவிட்டார்.

"வாய் ரொம்ப நீளமா கீதும்மா உனக்கு. ஒரு கம்ப்ளெயின்ட் வந்துச்சுன்னா அன்னிக்கே கெளம்பிடணும்."

அந்த வாயால் நான் எவ்வளவு நன்மை அடைந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். கேண்டீனில் இன்னும் கொஞ்சம் மோர் கேட்கக் கூச்சப்பட்டுத் தட்டோடு ஓரமாக நிற்பேன். அவள் அங்கிருந்தே சத்தம் போடுவாள்.

"அண்ணாத்தே, எங்க அக்காவுக்கு மோர் ஊத்து. அது வாயத் தொறந்து கேக்காது. நீயாத்தான் பாத்து ஊத்தணும்."

குவியலைப் புரட்டும்போதும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். "இந்தக் கிருமிங்களுக்கு வந்த வாழ்வப் பாருக்கா. வெல்லம், எண்ணெ, நெழலு, ரெண்டு வேலக்காரி. எங்க மாமியாகூட இப்டி வாழல." நான் சிரிப்பேன். புரட்டப் புரட்ட உள்ளேயிருந்து வெதுவெதுப்பாக ஆவி வரும். முதலில் மண்ணெண்ணெய் நாற்றம்தான் அடித்தது. நாளாக நாளாக அது குறைந்து, ஒருநாள் புது மழையில் நனைந்த மண் மாதிரி ஒரு வாசனை வந்தது. நான் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தேன். யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் முகர்ந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. முதல் நாள் கம்பெனி முழுவதும் கழுவ வேண்டும். ஒரு இடம் விடக்கூடாது, முதலாளி குடும்பத்தோடு வந்து சுற்றிப் பார்ப்பார், கொட்டகைக்கும் வருவார் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டுப் போனார். மேடம் ஊருக்குப் போயிருந்தார். என்னை ஆபீஸ் ஜன்னல் துடைக்க அனுப்பினார்கள். அவள் கொட்டகையில் தனியாக இருந்தாள்.

நான் திரும்பி வந்தபோது கொட்டகை ஆஸ்பத்திரி மாதிரி மணந்தது. டிரம்மில் இருந்த தண்ணீர் பால் மாதிரி வெளுத்திருந்தது. குவியல் மேலெல்லாம் அதே வெள்ளை. அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சந்தோஷமாக நின்றாள்.

"எப்டிக்கா கீது? அந்த டிரம்மு இன்னா புளிச்ச நாத்தம். மொதலாளி ஊட்டுப் பொம்பளைங்க வந்தா மூக்கப் பொத்திகினு ஓடுவாங்க. ரெண்டு பாட்டில் ஊத்திட்டேன்."

காலி பாட்டில் கீழே கிடந்தது. நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். பெரிய எழுத்தாக இருந்தால் கூட்டிப் படித்துவிடுவேன். பினாயில் பாட்டிலில் பெரிதாகத்தான் போட்டிருந்தது. கிருமிநாசினி. அவளுக்குப் படிக்கத் தெரியாது. வாய்விட்டுப் படித்துக் காட்டினேன்.

"நாசினின்னா?" என்றாள்.

"கொல்றது."

அவள் அப்படியே மண்வெட்டிமேல் கையை ஊன்றி உட்கார்ந்துவிட்டாள். "கிருமின்னாலே கொல்லணும்னுதானக்கா டிவில நாள் பூரா சொல்றான்," என்றாள். அப்புறம் மெதுவாக, "என்னிய அனுப்பிடுவாங்க இல்ல?" என்று கேட்டாள். மறுநாள் பூஜையில் எங்கள் மண்வெட்டிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பொரி கொடுத்தார்கள். அவள் பொட்டலத்தைப் பிரிக்கவேயில்லை.

லீவு முடிந்து மேடம் வந்தார். டிரம்மைத் திறந்து பார்த்தவர் முகம் சுருங்கியது. சூப்பர்வைசரும் வந்து நின்றார். "யாரு பண்ணது?" என்று அவளைப் பார்த்தே கேட்டார். அவள் உதடு துடித்தது.

எப்படி வாய் திறந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "பூஜைக்கு ஒரு எடம் விடாம கழுவச் சொன்னீங்க சார். நாங்க கழுவுனோம். இந்தக் கிருமியக் கொல்லக்கூடாதுன்னு எங்களுக்கு யாரும் சொல்லல," என்றேன்.

சூப்பர்வைசர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அட, இந்தம்மாவுக்குப் பேச வருமா?"

மேடம் சொன்னார்: "அவங்க சொல்றது சரிதான் சார். கிருமி கிருமின்னு சொன்னது நான்தானே. தப்பு எம்மேல."

படித்தவர், பெரிய சம்பளக்காரர், எங்களுக்காக அப்படிச் சொல்லவேண்டும் என்று என்ன இருக்கிறது? அந்த மேடம் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று இன்றும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன்.

அதோடு நிற்கவில்லை. மேடம் மண்வெட்டியை வாங்கித் தானே குவியலின் நடுவில் ஆழமாக வெட்டினார். மேலே பினாயில் நாற்றம். உள்ளே கையை விட்டவர் முகம் தெளிந்தது. என் கையையும் பிடித்து உள்ளே வைத்தார். வெதுவெதுப்பு இருந்தது.

"உள்ள உசிரோட இருக்கும்மா. மேல் மண்ணைத் தனியா ஒதுக்கிடுவோம். இதுல கொஞ்சம் எடுத்துப் புது வெல்லத் தண்ணியில போட்டு உறை ஊத்துவோம். பெருகிடும்."

"உறையா?" என்று அவள் தலையைத் தூக்கினாள். "தயிருக்கு ஊத்துற மாதிரியா?"

"அதேதான்."

"இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் மேடம் பினாயில் ஊத்தப்போறேன்? தயிர்ல எவளாச்சும் பினாயில் ஊத்துவாளா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சூப்பர்வைசருக்கு வரவில்லை.

"அப்போ நீதானா. சரி. அடுத்த மண் டெஸ்ட்ல எண்ணெ கொறஞ்சா இரு. கொறையலன்னா நீயே கெளம்பிடு. நான் சொல்லணும்னு நிக்காத."

அதற்குப் பிறகு அந்தக் குவியலை நாங்கள் பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். புது டிரம்மை வெள்ளைத் துணியால் மூடிக் கட்டினோம். கொட்டகைப் பக்கம் யாராவது துடைப்பமும் வாளியுமாக வந்தால், "வாளில இன்னா?" என்று கேட்காமல் விடமாட்டாள். வெயில் ஏறினால் நான் கூடுதலாகத் தண்ணீர் தெளிப்பேன். மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாக வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். அதுதான் மேடம் சொல்லிக்கொடுத்த பதம். அவள் புரட்டிக்கொண்டே வாய்க்குள் ஏதோ ஓதுவாள். நான் என் பங்குக்கு அம்மனை வேண்டிக்கொள்வேன். உள்ளே இருந்த உயிர்களை நான் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும் அவை இருக்கின்றனவா என்று கையை விட்டுப் பார்ப்பேன். சூடு இருந்தால் மனசு ஆறும்.

டெஸ்டுக்கு மேடம் குவியலின் பல இடங்களிலிருந்து மண் எடுத்து டப்பாவில் அடைத்துக் கொண்டுபோனார். ரிசல்ட் வருகிற வரைக்கும் அவள் அதிகம் பேசவில்லை. அவள் பேசாமல் கொட்டகை வெறிச்சென்று இருந்தது.

ஒரு மத்தியானம் மேடம் போனைப் பார்த்துக்கொண்டே வேகமாக வந்தார். எண்ணெய் நன்றாகக் குறைந்திருக்கிறது, முழுக்கப் போக இன்னும் சில மாதம் புரட்ட வேண்டும் என்றார். பின்னாலேயே சூப்பர்வைசர் வந்தார். மூலையில் மிச்சமிருக்கிற எண்ணெய் மண்ணையும் கொட்டகைக்குக் கொண்டுவந்து போட ஆபீஸில் சொல்லிவிட்டார்களாம்.

"சார், அப்போ நானு?" என்றாள்.

"நீ இன்னா நீ. நாளைக்கு லோடு வருது. சீக்கிரமா வந்து சேரு."

அவள் மண் கையோடு போனை எடுத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். அங்கேயே நின்று சத்தமாகப் பேசினாள்.

"ஏங்க, கிருமிங்கல்லாம் பொழச்சிகிச்சுங்க."

அந்தப் பக்கம் அவர் பதறியிருக்க வேண்டும். கேட்டுக்கொண்டிருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். முகத்திலெல்லாம் மண் ஒட்டிக்கொண்டது.

"யாருக்கும் ஒடம்புக்கு ஒண்ணும் இல்லீங்க. எனக்கு வேல கீது, அதத்தான் சொல்றேன். வரப்போ குமணன்சாவடில எறங்கி உங்களுக்கு மாத்திர வாங்கிகினு வரேன்."