டானியலுக்கு நான் தட்டிய கை

பேரன் டானியல் ஐஸ் ஹாக்கி ஆடுவதை நான் நேரில் பார்த்ததே இல்லை. கூப்பிடவும் மாட்டான், வரவும் விடமாட்டான். இந்தப் பருவத்தோடு விடப்போகிறேன் என்று வீட்டில் சொல்லத் தொடங்கியதும், விடுமுன் ஒருதரமாவது பார்த்துவிட நினைத்தேன். மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவனுக்குச் சொல்லாமல் அவனுடைய தகப்பன், என் மருமகன் கோஜோவுடன் புறப்பட்டேன். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல மகள் வதனி எழுதுகிறாள்.

ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் ஹம்மிலிருந்து இரண்டரைக்கு ரயில். டோர்ட்முண்டில் மாறி, மொத்தம் இரண்டு மணி நேரம். மாதச் சீட்டு இருந்தால் தனிக்காசு இல்லை. எதிரணி ஊர் ஸ்டேஷனிலிருந்து ஆட்ட மண்டபம் ஒன்றரைக் கிலோமீட்டர், ஏற்றம். நுழைவு பன்னிரண்டு யூரோ, ஓய்வூதியக்காரருக்கு ஒன்பது.

கோஜோ கானாவிலிருந்து சிறுவயதில் வந்தவர். அவரும் இந்த ஆட்டம் ஆடியவர்தான், அணியில் ஒரே கறுப்பர். ஆட்டம் முடிந்து கைகொடுக்கும்போது எல்லாரும் ஹெல்மெட்டைக் கழற்றுவார்கள். வெளியூரில் அவரை மட்டும் கழற்றவேண்டாம் என்பாராம் பயிற்சியாளர். இரண்டு வருடத்தில் விட்டுவிட்டார். கனடாவில் வெள்ளையர் சேர்க்காததால் நூறு வருடத்துக்கு முன்பே கறுப்பர் தனி அணிகள் வைத்து ஆடினார்கள் என்றும் ரயிலில் சொன்னார். டொரொண்டோவில் எனக்கு எத்தனையோ சொந்தம். ஒருவரும் இதைச் சொன்னதில்லை.

ஆட்டம் ஐந்துக்குத் தொடங்கியது. ரப்பர் வட்டு டானியலிடம் வரும்போதெல்லாம் எதிர்ப்பக்கத்திலிருந்து “ஊ, ஊ” என்று ஒரு சத்தம். வேறு எவருக்கும் அப்படி எழவில்லை. எங்கள் பிள்ளைக்கு வெளியூரிலும் இவ்வளவு ஆதரவா என்று பூரித்துப்போய், எழும்பி நின்று கைதட்டினேன்.

கோஜோ என் கையைப் பிடித்து இருத்தினார். “மாமா, அது குரங்குச் சத்தம்.”

அவருக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம். அதற்குள் அந்தச் சொல் எங்கள் ஆட்கள் யாரிடமிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

நடுவர் ஒருதரம் ஆட்டத்தை நிறுத்தினார். ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். பிறகும் கேட்டது. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் சோசேஜ் தின்றுகொண்டிருந்தார்கள்.

முடிந்தபின் டானியல் பையோடு வாசலுக்கு வந்தான்.

“வரவேண்டாம் எண்டெல்லோ சொன்னனான், அம்மப்பா.”

“வந்திட்டன்.”

“கண்டனான். அவ்வளவு சத்தத்துக்கையும் நீங்கள் ஒரு ஆள்தான் எழும்பி நிண்டு கைதட்டினீங்கள்.” பையைத் தோள் மாற்றிக்கொண்டு, “அடுத்த கிழமையும் வருவீங்களோ?” என்றான்.

ஓம் என்றேன். கோஜோ நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

போகிறவர்கள் தடித்த ஜாக்கெட்டும் கம்பளிக் காலுறையும் கொண்டுபோங்கள்; இருக்கை எலும்புவரை குளிரும். திரும்புகிற ரயில் மணிக்கு ஒன்றுதான்.

டானியலுக்கு நான் உண்மையைச் சொல்லவில்லை. தமிழ் பேசுவான், வாசிக்க என்னைப் போல அவனுக்கும் தெரியாது என்பதால்தான் இதில் சொல்கிறேன். அடுத்த ஞாயிறு போகிறேன். இந்தமுறை அது என்ன சத்தம் என்று தெரிந்துகொண்டு கைதட்டவேண்டும்.