இரண்டு அங்குலம் உயர்ந்த பிக்கப்

அப்பாவின் சவப்பெட்டியை மலைமேல் கொண்டுபோன அன்று ஆர்டன் ஹாம்ரிக் வண்டிக்குப் பின்னால் நடந்துதான் போனார். ஓட்டியது தம்பி ராய்ஸ்.

ஹாம்ரிக் குடும்பத்துக் கல்லறைகள் குன்றின் உச்சியில் இருக்கின்றன. இறுதி ஊர்தி தேவாலய வாசலோடு நின்றுவிடும். அதற்கு மேல் ஓடையைக் கடந்து, பாறைப் படியில் ஏறிப் போக நான்கு சக்கரமும் இழுக்கிற, பின்னால் திறந்த தட்டுள்ள பிக்கப் வண்டி வேண்டும். மேற்கு வர்ஜீனியாவின் அந்தப் பள்ளத்தாக்கில், யாருடைய பெட்டி யாருடைய வண்டியில் போனது என்பதை ஒருவரும் மறப்பதில்லை. "ராய்ஸ் என்னமா ஏத்துனான் அன்னிக்கு" என்று கடையில் யாராவது சொல்லும்போதெல்லாம் ஆர்டன் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவார்.

ஊரை விட்டுப் போகாதவர் ஆர்டன். எரிவாயு நிலையத்தில் கருவிகளைப் பராமரிக்கும் வேலை. மனைவி பிரிந்து போன பிறகு அம்மா ஐவாவோடு இருந்தார். மாத்திரை கொடுத்தது அவர். ஆக்சிஜன் இயந்திரத்தின் வடிகட்டியைக் கழுவியது அவர். ராய்ஸ் கொலம்பஸ் நகரத்திலிருந்து நவம்பரில் நன்றி நாள் பண்டிகைக்கு மட்டும் வருவான், ஆறு அங்குலம் உயர்த்திய பளபளப்பான வண்டியில். அந்த எஞ்சின் சத்தம் கேட்டதும் அம்மா நாற்காலியில் நிமிர்ந்து, தலைமுடியைச் சரிசெய்துகொள்வாள். ஆர்டன் தினமும் வேலை முடிந்து வரும்போது அவள் டிவியிலிருந்து கண்ணை எடுத்ததில்லை.

இனி மருத்துவமனை வேண்டாம் என்று முடிவான வசந்தத்தில், அவர் ஆக்சிஜன் குழாய் மாற்றிக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னாள்.

"ராய்ஸ்கிட்ட சொல்லி வைடா. என்னை மேல கொண்டுபோக அவன் வண்டிதான் தோது. நல்ல ஒசரம்."

"சரிம்மா" என்றார். சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமையே ட்ரீமா கட்லிப்பின் வண்டிப் பட்டறைக்குப் போனார். பள்ளியில் கூடப் படித்தவள், வாய் நீளம்.

"எவ்ளோ ஒசரம் வேணும்?"

"ராய்ஸோடது ஆறு அங்குலம்."

"நான் உன் வண்டியைக் கேட்டேன். ஆறு அங்குலம் தூக்குற முழு கிட் போட்டா, அந்தக் கிட்டையே வித்து இதே மாதிரி இன்னொரு துரு டப்பா வாங்கலாம்." அட்டைப்பெட்டி ஒன்றைத் தள்ளினாள். "இந்தா, கூட்டுக்கு அடியில வைக்கிற நைலான் கட்டை. மூணு அங்குலம். இருக்குறதுலயே மலிவு. பாக்க எடுப்பா இருக்கும்."

"இதுல கூடு மட்டும்தான் மேல போகும். அடிச்சட்டம் இருந்த எடத்துலயே இருக்கும். என் கதவு எவ்ளோ ஒசரம்னு பாறைக்கு என்ன வந்துச்சு?"

"தெரிஞ்சுக்கிட்டே ஏன்டா கேக்க வந்தே?"

கடைசியில் அவர் முடிவுசெய்தது: முன்னால் ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு வளையம், பின்னால் கூடுதலாக ஒரு ஸ்பிரிங் பட்டை. இரண்டு அங்குலம் கிடைக்கும். ஆனால் பின் அச்சின் நடுவில் தொங்கி, பாறையில் தட்டுகிற கியர் குண்டை எந்தக் கிட்டும் தூக்காது. பெரிய டயர்தான் தூக்கும். ட்ரீமாவின் குவியலிலிருந்து கொஞ்சம் தேய்ந்த நான்கு டயர்களைப் பொறுக்கினார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

"அம்மா எப்படி இருக்காங்க?" என்றாள் ட்ரீமா.

"இருக்காங்க."

"இருக்கும்போதே இதை மாட்டுறியே, ஆர்டன்."

அவர் போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். வெட்கமாகத்தான் இருந்தது. கை நிற்கவில்லை.

அம்மாவின் எடையையும் பெட்டியின் எடையையும் கூட்டி, அந்த அளவுக்கு மணல் ஏற்றிப் பாறைப் படியில் ஓட்டிப் பார்த்தார். ஏறியது. அடுத்த முறை, வீட்டுக்கு வந்த நர்ஸ் சொன்ன அம்மாவின் புது எடைக்கு ஏற்ப மணலைக் கொஞ்சம் குறைக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த முறையும். பிறகு ஓட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

மே மாதம் அம்மா போனாள்.

தேவாலய வாசலில் இரண்டு வண்டிகளும் நின்றன. ராய்ஸ் தன்னுடையதைக் கழுவித் துடைத்திருந்தான். பெட்டி தூக்க வந்தவர்கள் அம்மாவின் சித்தப்பா பிள்ளைகள். எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். ராய்ஸ் பின்கதவை இறக்கினான். அது அவர்களுடைய மார்புக்கு வந்தது.

"இதுக்கு ஏணி போட்டுத்தான் ஏத்தணும்" என்றார் அவர்களில் ஒருவரான ஆட்டி மாமா. "ஐவாவைக் கீழ போட்டோம்னா எந்திரிச்சு வந்து திட்டுவா."

ராய்ஸ் தன் வண்டியைப் பார்த்தான். ஆர்டனுடையதைப் பார்த்தான்.

"அண்ணன் வண்டியிலயே ஏத்துங்க."

பின்கதவின் உயரத்தை ஆர்டன் அளந்து பார்த்ததே இல்லை. கையில் காசு இருந்திருந்தால் அவரும் ஆறு அங்குலம்தான் போட்டிருப்பார். இடுப்பு உயரத்தில் பெட்டி வழுக்கிக்கொண்டு உள்ளே போனதைப் பார்த்தபோது, அம்மாவைப் புதைக்கிற நாளில் இப்படி ஒரு சந்தோஷம் வரலாமா என்று இருந்தது. வந்தது.

பெட்டி நகராமல் பிடித்துக்கொள்ள ஒருவர் பின்னால் உட்கார வேண்டும். அது வழக்கம். ஓட்டுகிறவரால் முடியாது. ராய்ஸ் கோட்டோடு ஏறி உட்கார்ந்தான்.

ஓடையைத் தாண்டியபோது ஆர்டன் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தார். ராய்ஸின் கை பெட்டியின் மேல் இருந்தது. உதடு அசைந்தது. ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான். ஒரு தடவை சிரிக்கவும் செய்தான். ஆர்டனுக்குப் பாறையைப் பார்க்க வேண்டியிருந்தது. பாறைப் படியில் அடி தட்டாமல் வண்டி ஏறியது. நினைத்தபடியே, சுத்தமாக. மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். இப்போது ராய்ஸ் கன்னத்தைப் பெட்டியின் மேல் வைத்திருந்தான்.

கல்லறை மேட்டுக்கு முந்தைய சமதரையில் ஆர்டன் வண்டியை நிறுத்திக் கை பிரேக் போட்டு இறங்கினார். பின்னால் நடந்து வந்தவர்களும் நின்றார்கள்.

"என்னண்ணே, சூடாயிருச்சா?"

"எறங்கு. நீ ஓட்டு."

"இவ்ளோ தூரம் வந்துட்டு எதுக்கு? நாளைக்கு ஊர்ல கேப்பாங்க, ஐவாவ யாரு ஏத்துனான்னு."

"உன் பேரச் சொல்லிக்க. எறங்கு."

ராய்ஸ் இறங்கினான். முகம் நனைந்திருந்தது.

"அம்மாகிட்ட என்ன பேசிட்டு வந்தே?"

"அத உங்கிட்ட சொல்ல மாட்டேன்."

ஆர்டன் பின்னால் ஏறி, பெட்டியை ஒட்டி உட்கார்ந்தார். வெயிலில் மரம் வெதுவெதுப்பாக இருந்தது. இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார். சொல்ல ஒன்றும் வரவில்லை. முன்னால் ராய்ஸ் கிளட்ச்சைச் சட்டென்று விட்டான். வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது.

ஆர்டன் குனிந்து, மூடிக்குப் பக்கத்தில் மெதுவாகச் சொன்னார்.

"பாத்தியாம்மா. அவனுக்கு ஓட்டத் தெரியல."