மாமா அனுப்பாத செய்தி

போன வருஷம் ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை விடியற்காலை. ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் முந்திரிக்காடு வைத்திருந்த என் மைத்துனர், அதாவது என் மனைவியின் ஒரே அண்ணன், பால் வாங்கப் போய் வாசலிலேயே சாய்ந்துவிட்டார். அரியலூரிலிருந்து நாங்கள் போய்ச் சேர்வதற்குள் நாற்காலியில் உட்கார வைத்துத் தாடையைக் கட்டியிருந்தார்கள்.

அவருக்குப் பிள்ளைகள் கிடையாது. என் மகன்தான் எல்லாம். அவனுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் அவர். என் மகன் முந்திரிக்காட்டு வண்டிப்பாதையில் கற்றுக்கொண்டு, போகிற வழியில் நாலு மரத்தைக் காயப்படுத்தினான். "எனக்குக் கொள்ளி வைக்கிறவன்டா நீ, மரத்துல மோதிச் செத்துகித்து தொலச்சிடாத" என்று அவர் கத்துவார். ஜெர்மனிக்குப் படிக்கப் போனபோதும் விமான நிலையத்தில் அத்தனை பேர் நடுவில் அதையேதான் சொன்னார். "சேதி வந்தா டிக்கெட்டப் போட்டு வந்துருடா மருமவனே. அதுவரைக்கும் ஐஸ் பெட்டியில சும்மா கெடப்பேன், எனக்கென்ன வேல?"

முந்தின நாள் வெள்ளிக்கிழமையே அவன் நண்பர்கள் மூன்று பேரோடு வாடகைக் கார் எடுத்துக்கொண்டு மலைப் பக்கம் கிளம்பியிருந்தான். வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருவதாகத் திட்டம்.

"சொல்லிடுங்க" என்றாள் மனைவி. அழுகைக்கு நடுவிலும் அதை மட்டும் தெளிவாகச் சொன்னாள்.

நான் சொல்லவில்லை. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையிடம் சாவை மறைப்பதில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நல்ல பயிற்சி உண்டு. பரீட்சை என்போம், விசா என்போம். சாவுக்கு வந்திருந்த பெரியவர் ஒருவரும் ஒத்து ஊதினார். "மலையில வண்டி ஓட்டிக்கிட்டு இருக்குற புள்ளங்க. சொல்லிப்புட்டு அப்புறம் நாமதான் அழுவணும். திங்கக்கெழம சொல்லிக்கலாம்." எனக்கு வேண்டிய தீர்ப்பு கிடைத்துவிட்டது. மாலை நாலு மணிக்கு எடுத்துவிடுவதென்று முடிவானது. ஐஸ் பெட்டி வேண்டாம் என்றும் நானே சொன்னேன்.

குடும்பத்தில் தமிழ் எழுதத் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. பத்திரிகைக்கு நகைச்சுவைத் துணுக்கு அனுப்புகிறவனிடம்தான் கருமாதிப் பத்திரிகையும் எழுதச் சொல்வார்கள். கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் வாசகத்தையும் எழுதிக் கொடுத்தேன். 'இன்று காலை ஆறு மணியளவில் இயற்கை எய்தினார்.' கீழே உறவினர் பட்டியலில் என் மகன் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு 'ஜெர்மனி' என்று சேர்த்தேன். சாவு வீட்டிலும் எனக்கு அந்தப் பெருமை தேவைப்பட்டது.

பகல் ஒரு மணிக்கு அலமாரியில் இருந்த மைத்துனரின் போன் அடித்தது. வீடியோ அழைப்பு. திரையில் 'மருமவன்' என்றிருந்தது. பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடித்து அடித்து நின்றது. உடனே குரல் செய்தி வந்தது. "மாமா, எங்க போயிட்டீங்க? இங்க ஒரு மலப்பாத இருக்கு, பதினாறு வளைவு. நான்தான் ஓட்டுறேன். உங்களுக்குக் காட்டலாம்னு பாத்தா எடுக்க மாட்டேங்கிறீங்க."

அவர் போனுக்குப் பூட்டுப் போடாதவர். அதை அப்படியே அணைத்து வைத்திருக்கலாம். நான் கொல்லைப்பக்கம் போய், இறந்தவரின் போனிலிருந்து பதில் எழுதினேன்.

'மருமவனே முந்திரிகாட்டுல இருக்கேன் சிக்னல் இல்ல வளைவுல ஹாரன் அடி சாயந்தரம் பேசறேன்.'

எழுதியதைத் திரும்பப் படித்தேன். 'முந்திரிக்காட்டுல' என்று சரியாக விழுந்திருந்ததில் 'க்'கை எடுத்துவிட்டு, அவர் மாதிரியே தப்பாக்கி அனுப்பினேன். அந்த நாட்டில் ஹாரன் அடித்தால் முறைப்பார்கள் என்று பையன் எத்தனையோ தடவை சொல்லியும் அவர் விட்டதில்லை. அதனால்தான் அந்த ஹாரனையும் சேர்த்தேன். நன்றாக அமைந்துவிட்டது என்று எனக்குக் கொஞ்சம் திருப்திகூட இருந்தது. வாசலில் அவர் அதே நாற்காலியில் இருந்தார்.

பதில் வந்தது. 'அடிச்சேன் மாமா. எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க.' கூடவே சிரிக்கிற பொம்மை நாலைந்து.

நாலு மணிக்கு எடுத்தோம். பங்காளி வீட்டுப் பிள்ளை கொள்ளி வைத்தான். சுடுகாட்டிலிருந்து திரும்பிக் கால் கழுவிக்கொண்டிருக்கும்போது மகன் என்னைக் கூப்பிட்டான். உறவுக்காரர் ஒருவர் பிளெக்ஸைப் படம் பிடித்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறார். அவன் தன் பெயரை அதில் படித்திருக்கிறான்.

"காலைல ஆறு மணின்னு போட்டிருக்குப்பா" என்றான். குரலில் அழுகை இல்லை. "அங்க ஒரு மணி இருக்கும்போது எனக்கு மெசேஜ் போட்டது யாரு?"

"நான்தான்."

அவனுக்குப் பின்னால் கார்க் கதவு சாத்துகிற சத்தம் வந்தது.

"ஹாரன் வேற அடிக்கச் சொன்னீங்களேப்பா."

"நீ வண்டி ஓட்டிட்டு இருந்த தம்பி, அதான்..."

"ஓரமா நிறுத்துன்னு சொல்லிருந்தா நிறுத்திருப்பேன். வேற ஆள் ஓட்டிருப்பான். நாளைக்கு மத்தியானம் வூட்டுல இருந்திருப்பேன். ஒரு நாள் வச்சிருக்க மாட்டீங்களா அவர?"

வைத்துவிட்டான். வளைவு, பள்ளம், விபத்து என்று காலையிலிருந்து நான் அடுக்கி வைத்திருந்த காரணங்களில் ஒன்றைக்கூட எடுத்துப் போட முடியவில்லை. அவன் சொன்ன கணக்கு அவ்வளவு எளிது. அந்தக் கணக்கை நான் போட்டே பார்க்கவில்லை.

கருமாதிக்கு அவன் வரவில்லை. "யாருக்காக வரணும்?" என்று அம்மாவிடம் கேட்டானாம். அதை என்னிடம் அப்படியே சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. இப்போது நான் 'எல்லோரும் நலம்' என்று எழுதி அனுப்பினால் உடனே வீடியோவில் வருகிறான். அம்மாவைக் காட்டச் சொல்கிறான். பார்த்ததும் வைத்துவிடுகிறான்.

அந்தச் செய்தியை அவன் அழிக்கவில்லை என்று மனைவி சொன்னாள். மாமா தனக்குக் கடைசியாகச் சொன்னது என்று அவன் கையில் இருப்பது நான் எழுதியது. அதை அழித்துவிடு என்று கேட்க ஒரு வருஷமாக வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறேன், எது எழுதினாலும் அவன் நம்பாத என் கையெழுத்தாகவே இருக்கிறது.