பார்க்க வருகிறவர்களுக்கென்று ஒரு வீடு

எங்கள் சொந்தத்தில் யார் வீட்டுப் பெண்ணுக்கு வரன் அமைந்தாலும், மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகும் காரில் எனக்கு ஓர் இடம் உண்டு. நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்துப் பிழைக்கிறவன் நான். கோழி வாங்கும்போது கொண்டையின் சிவப்பைப் பார்த்து மயங்கமாட்டேன்; குனிந்து எச்சத்தைப் பார்ப்பேன். வீடு பார்ப்பதும் அப்படித்தான். மற்றவர்கள் கூடத்தில் உட்கார்ந்து கேசரி சாப்பிடும்போது, கை கழுவுகிற சாக்கில் நான் பின்பக்கம் போய்விடுவேன். அடுப்பைப் பார்ப்பேன், மாடு கட்டியிருக்கும் இடத்தைப் பார்ப்பேன், கொடியில் காயும் துணியைப் பார்ப்பேன். ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில், கட்டியிருந்த கறவை மாடு வீட்டுக்கார அம்மாள் கிட்டே போனதும் மிரண்டு கயிற்றை இழுத்தது. பார்த்த உடனே தெரிந்துவிட்டது, இரவல் மாடு. அந்தச் சம்பந்தம் அன்றோடு நின்றது. அதிலிருந்து, அவர் பார்த்துவிட்டு வந்து சரி என்றால் சரிதான் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு. எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்.

என் ஒரே மகளைத் திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் குடும்பத்தில் கொடுத்தோம். கல்யாணமான மறுவருடமே மாப்பிள்ளை வண்டியைக் கப்பலேற்றிக்கொண்டு தான்சானியா போனார். அங்கேயும் தண்ணீருக்குத் தவிக்கிற ஊர்களுக்குக் குறைவில்லை. பின்னாலேயே மகளும் போனாள். அப்புறம் எல்லாம் வீடியோ காலில்தான். ஊருக்கு வந்தால் அவள் மட்டும் வருவாள். அவருக்கு சைட்டில் வேலை என்பாள். எங்களை வாருங்கள் என்று ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. அப்படிப்பட்டவள் போன வருடம் திடீரென்று போனில், "அப்பா, அம்மாவக் கூட்டிக்கிட்டு ஒரு வாரம் வாங்க. சிங்கம், யானையெல்லாம் பாக்கலாம். மாசாய்னு மாடு மேய்க்கற ஜனங்க இருக்கற எடத்துக்கும் போலாம். எல்லாம் புக் பண்ணியாச்சுங்க" என்றாள்.

என் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே புளிக்காய்ச்சலுக்குப் புளி ஊறவைத்துவிட்டாள். எனக்கு மட்டும் உறுத்தியது. இத்தனை வருடம் இல்லாத அழைப்பு இப்போது எதற்கு? பண்ணையை விற்றுவிட்டு வாருங்கள், இன்னொரு ரிக் இறக்கலாம் என்று அடி போடப் போகிறார்கள். சிங்கத்தைக் காட்டிவிட்டுக் கையெழுத்துக் கேட்பார்கள். இப்படித்தான் கணக்குப் போட்டேன்.

அருஷா என்ற ஊரில் மகளும் மாப்பிள்ளையும் எங்களை அழைத்துப்போன வீடு நல்ல வீடு. மாடி, முன்னால் தோட்டம், வாசலில் காவல்காரர். எல்லாம் இருந்தது. மாப்பிள்ளை எனக்கு ஃபேன் போட வந்தவர், நான்கு சுவிட்சையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். விளக்கு எரிந்தது, வெளி விளக்கு எரிந்தது, கடைசியில்தான் ஃபேன் சுற்றியது. ரிக் வேலை செய்கிறவனின் சட்டையில் செம்மண் கறை எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அந்த வீட்டுக் கொடியில் அப்படி ஒரு சட்டை இல்லை. வாசலில் கிடந்த அவர் செருப்பின் அடியில் ஒட்டியிருந்த லேபிள்கூட இன்னும் தேயவில்லை. நான் மனைவியின் காதில் சொன்னேன், "நம்மள மயக்கறதுக்கு வாடகைக்குப் புடிச்ச ஊடு இது."

"கம்முனு இருங்க. உங்களுக்கு எதப் பாத்தாலும் சந்தேகந்தான்" என்றாள் அவள்.

மறுநாள் காலையில் காட்டுக்குக் கிளம்பினோம். கூரையைத் தூக்கிவிட்டு நின்றபடி பார்க்கிற வண்டி. ஓட்டுநரும் வழிகாட்டியும் ஒரே ஆள். எப்போதும் சிரித்த முகம். சிரித்த முகக்காரர்களை நான் கொஞ்சம் தள்ளியே வைப்பது வழக்கம். அவர் ஒயர்லெஸ்ஸில் ஏதோ பேசுவார், வண்டியைத் திருப்புவார், கொஞ்ச நேரத்தில் சரியாக அங்கே ஒரு சிங்கம் படுத்திருக்கும். ஒரு தடவை என்றால் சரி. ஒவ்வொரு தடவையும் அப்படியென்றால்? ரோட்டோரத்தில் நாலைந்து வண்டிகள் சுற்றி நிற்க, அந்தச் சிங்கம் எங்களை ஏறெடுத்தும் பார்க்காமல் கொட்டாவி விட்டது.

"தின்னறதுக்கு எதையோ போட்டுப் பழக்கி வெச்சிருக்கறாங்க. காட்டுச் சிங்கம் இப்படியா படுத்துக் கெடக்கும்?" என்றேன்.

"ஆமாங்க, சிங்கத்துக்கு மாசச் சம்பளம், பி.எஃப். எல்லாம் உண்டு" என்றாள் மனைவி. மகள் சத்தமாகச் சிரித்தாள். மாப்பிள்ளையும் சிரித்தார். அவள் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்து, அப்புறம்தான் அவர் சிரித்தார். அதையும் என் கண் பார்த்தது. பணம் கேட்கப் போகிறவர்கள் எல்லாவற்றுக்கும் சேர்ந்து சிரிப்பார்கள் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

உண்மையைச் சொன்னால், யானையை மட்டும் நான் சந்தேகப்படவில்லை. வழி நெடுக அதன் சாணி கிடந்தது, அன்றையது, ஆவி பறக்க. வெள்வேல மரம் போலவே குடை விரித்த மரங்கள். கீழே எங்கள் ஊர் மேய்ச்சல் காடு போல மஞ்சள் புல். ஆடு நிற்க வேண்டிய இடத்தில் வரிக்குதிரை நின்றது. மனைவி ஒவ்வொரு விலங்கையும் பார்த்து, அங்க பாருங்க சாமி, அங்க பாருங்க சாமி என்று குதித்தாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது. எனக்கும் மனது இளகத்தான் செய்தது. ஆனாலும் தினமும் காலையில், இன்றைக்குக் கேட்பார்கள் என்று எழுந்திரிப்பேன். சாயங்காலம் வரை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். கேட்காமல் இருப்பதே இன்னும் பயமாக இருந்தது.

பிறகுதான் மாசாய் மக்களின் குடியிருப்புக்குப் போனோம். முள்வேலி போட்ட வட்டம். உள்ளே சாணி மெழுகிய குடிசைகள். சிவப்புப் போர்வை போர்த்திய ஆண்கள் வரிசையாக நின்று பாடிக்கொண்டே நெட்டுக்குத்தலாகக் குதித்தார்கள். பெண்கள் கழுத்து நிறையப் பாசிமணி வளையங்களோடு என் மனைவியை நடுவில் இழுத்துக்கொண்டார்கள். ஒரு பெண் எங்களைத் தன் குடிசைக்குள் கூப்பிட்டாள். மனைவியும் மாப்பிள்ளையும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு வெளியிலேயே நின்றுவிட்டார்கள். மகளும் நானும் குனிந்து உள்ளே போனோம்.

இருட்டு பழகியதும் என் கண் தன் வேலையை ஆரம்பித்தது. மூன்று கல் கூட்டிய அடுப்பு. அதில் சாம்பல் ஒரு கை அள்ளக்கூட இல்லை. ஜன்னல் என்று சொல்ல ஒரு ஓட்டைதான். ஆனால் மேலே கூரைக் குச்சிகளில் கரி படியவில்லை. படுக்கையில் விரித்திருந்த மாட்டுத்தோலில் ஆள் படுத்த பள்ளம் இல்லை. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. வந்ததிலிருந்து எதையாவது கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்றிருந்தேன், பிடித்துவிட்டேன்.

"கண்ணு, இந்த ஊட்டுல ஆரும் குடியிருக்கலை" என்றேன். "அடுப்புல சாம்பலப் பாரு, கூரையப் பாரு. பொழங்கற ஊடு இப்படி இருக்காது. வாரவங்களுக்குக் காட்டறதுக்குன்னே கட்டி வெச்சிருக்கறாங்க. வேணும்னா அந்தப் புள்ளைகிட்டயே கேளு."

மகள் தயங்கினாள். நான் விடவில்லை. அவள் அந்த நாட்டுப் பேச்சான சுவாஹிலியில் கேட்டதும் அந்தப் பெண் கோபப்படவில்லை, வாய்விட்டுச் சிரித்தாள். குன்றுக்கு அந்தப் பக்கம் கை காட்டி நீளமாக ஏதோ சொன்னாள். மகள் எனக்குத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள்.

"ஆமாம்னு சொல்றாங்கப்பா. அவங்க ஊடு மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்குதாம். தெனமும் இத்தன பேரு வந்து அடுப்பையும் படுக்கையையும் பாத்துட்டுப் போனா, அவங்க எப்படிப் பொழைக்கிறதுன்னு கேக்கறாங்க. பாக்க வாரவங்களுக்கு இந்த ஊடு. இதப் பாத்துட்டா அப்புறம் ஆரும் எதுவும் கேக்கமாட்டாங்க, அவங்கவங்க ஊருக்குப் போயிருவாங்க..."

அந்த இடத்தில் அவள் குரல் உடைந்தது. முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டு, அந்தச் சாம்பல் இல்லாத அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் சுவிட்ச், செருப்பு, கொடி, காத்திருந்து சிரித்த சிரிப்பு எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதின. எல்லாவற்றையும் பார்த்திருந்தேன். பார்த்துவிட்டு, பண்ணைக்கு வலை விரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளும் மாப்பிள்ளையும் பிரிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்ததை அழுகைக்கு நடுவே சொன்னாள். அந்த மாடி வீடு மாப்பிள்ளையின் கூட்டாளியுடையது. அவர் குடும்பம் ஊருக்குப் போயிருந்த சமயம் பார்த்துக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். மகள் சிறு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருந்தாள், தனியறையில். ஒரு வாரம் சேர்ந்து இருக்கிற மாதிரி நடித்துக்கொடுங்கள் என்று இவள் கேட்க, அவரும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"என்ன பண்ணினான் அவன்? வேற ஆராச்சும் இருக்கறாளா?" என்றேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் குடிசையே இடிந்துவிடும் போலிருந்தது.

"அப்படியெல்லாம் இல்லீங்கப்பா. அவரு மேல தப்பு இல்லீங்க. என் மேலயும் இல்லீங்க. ஒத்து வரலை, அவ்வளவுதான். இதச் சொன்னா நீங்க நம்பமாட்டீங்க. ஊருக்குக் கூட்டிட்டுப் போய் ரெண்டு பக்கத்துச் சொந்தத்தையும் உக்கார வெச்சு, ஆரு மேல தப்புன்னு தோண்டுவீங்க. எனக்கு இங்க வேல இருக்குதுங்கப்பா. இந்த ஊரு எனக்குப் புடிச்சிருக்குது. நீங்க ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போய், நல்லா இருக்கறாள்னு சொல்லிட்டீங்கன்னா, அப்புறம் நம்ம பக்கம் ஒருத்தரும் கேக்கமாட்டாங்கன்னு நெனச்சேனுங்க."

வெளியே வந்தால், மாப்பிள்ளையை ஆட்டத்தில் இழுத்துவிட்டிருந்தார்கள். சிவப்புப் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் அவர்களோடு சேர்ந்து குதித்துக்கொண்டிருந்தார். என் மனைவி கை தட்டிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவர் குதிப்பதை நிறுத்திவிட்டார்.

மனைவியிடம் வண்டியில் வைத்தே சொல்லிவிட்டேன். எனக்கு மறைக்கத் தெரியாது. அவள் அழுத அழுகையில் அந்தச் சிரித்த முகக்காரர் வண்டியை மரத்தடியில் நிறுத்தி, தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு, தூரமாகப் போய் நின்றுகொண்டார். மிச்சமிருந்த நாளுக்குச் சிறுத்தை பார்க்கும் ஏற்பாடு. அதை வேண்டாமென்று சொல்லி, நீ இருக்கிற இடத்துக்குக் கூட்டிப்போ என்றேன். அருஷாவில் மாப்பிள்ளை இறங்கிக்கொண்டார். "மாமா, மன்னிச்சுக்குங்க. நான் வாரேனுங்க" என்றார். அவர் முகத்தில் குற்றத்தைத் தேடினேன். களைப்புத்தான் இருந்தது. அவரைத் திட்டுவதற்கு ஒன்றும் கிடைக்காததில் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

மகளின் அறை அதே ஊரில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில். பூட்டைத் திறந்துவிட்டு அவள் ஒதுங்கி நின்றாள், தேர்வு எழுதுகிறவள் போல. நான் வேண்டாம் வேண்டாம் என்றாலும் என் கண் கேட்கவில்லை. ஒற்றைக் கேஸ் அடுப்பில் பொங்கி வழிந்த பால் காய்ந்திருந்தது. சுவரில் தாளித்த எண்ணெய்த் தெறிப்பு. குழாயடியில் அவள் கால் வைத்துத் தேய்ந்த இடத்தில் மட்டும் தரை வெளுத்திருந்தது. ஜன்னலில் ஒரு பானையில் கறிவேப்பிலைச் செடி, நன்றாகத் துளிர்த்து. இது பொய் இல்லை. இங்கே ஓர் ஆள் வாழ்கிறாள். பாத்திரக் கூடையைப் பார்த்தேன். ஒரு தட்டு, ஒரு டம்ளர். கட்டிலில் ஒரு தலையணை. என் வாழ்நாளில் நான் பார்த்த வீடுகளில் எந்த இரவலும் கலக்காத வீடு இதுதான். பார்க்கத் தாங்கவில்லை எனக்கு. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

பின்னால் மனைவி அலமாரியிலிருந்து துணிகளை எடுத்துக் கட்டிலில் போட ஆரம்பித்தாள்.

"கெளம்பு. நீ ஒண்டியா இங்க கெடக்க வேண்டாம். நாளைக்கு எங்ககூட ஏறு."

"நான் வரலீங்கம்மா."

"ஏனுங்க, நீங்களே சொல்லுங்க அவளுக்கு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். மகள் முந்தானையை விரலில் சுற்றிக்கொள்வது போலத் துப்பட்டா நுனியைச் சுற்றிக்கொண்டு நின்றாள், என் வாயையே பார்த்தபடி. ஊரில் அவளை நடுவில் உட்கார வைத்து ஆளாளுக்குக் கேள்வி கேட்கும் காட்சி எனக்குத் தெரிந்தது. அதில் முதல் கேள்வி கேட்கிறவன் நானாகத்தான் இருப்பேன்.

"துணிய எடுத்து உள்ள வை. அவ இங்கயே இருக்கட்டும்" என்றேன்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "அங்க போனா ஊரே கேக்குமே. புள்ள எப்படி இருக்கறா, ஊடு எப்படின்னு கேப்பாங்களே. என்னத்தச் சொல்றது நானு?"

"என்னைக் கேக்கச் சொல்லு. அவரே நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துட்டாரு, நல்ல ஊடுன்னு சொல்லிட்டாருன்னு சொல்லு."