லுங்கிக் கட்டின் மேல் ஒரு குளவி

காலையில் பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் திருத்தணி வந்தேன். பக்கத்து சீட்டில் நெசவுக்கார அக்கா ஒருவர், மடியில் லுங்கிக் கட்டு. அதன்மேல் கறுப்பும் மஞ்சளுமாக ஒரு பூச்சி வந்து உட்கார்ந்தது.

“ஐயோ, குளவி!” என்று செருப்பைக் கழற்றினார்.

“அடிக்காதீங்கக்கா, கொட்டாது. குளவின்னா இடுப்பு ஒடுங்கியிருக்கும். இது பகல்ல பறக்குற அந்துப்பூச்சி.”

அவர் முகம் வெளுத்தது. “அந்துவா? துணிய அரிச்சிடுமே! மொதலாளி பாத்தா அத்தினியும் திருப்பிடுவாரு.”

“இதோட புழு புல்லுதான்க்கா தின்னும். கூட்டுலேர்ந்து றெக்கையோட வந்தா தேன் மட்டும்தான்.”

“அத அவருகிட்ட நீ வந்து சொல்லுவியா? எப்பவும் குத்தம் தேடிக்கினே இருப்பாரு. யார் கேட்டாலும் குளவின்னே சொல்லு.”

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். “இன்னாப்பா அது?”

“குளவிண்ணே.”

பறவைகளுக்குப் பயந்துதான் அது குளவி வேஷம் போடுகிறது என்று நினைத்திருந்தேன். முதலாளிகளையும் சேர்த்தாயிற்று. வேறு யார் யார்?